தேயிலையை எப்போது வெளியே எடுப்பது

கிரீன் டீ கசக்கிறது, எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்ததா? இலை எவ்வளவு நேரம் கோப்பைக்குள் கிடந்தது? "கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன், குடித்து முடிக்கும்வரை இலை உள்ளேதான் இருந்தது" என்பார்கள் பெரும்பாலும்.

நானும் அப்படித்தான் செய்தேன். தோழி ஒருத்தி பரிசாகக் கொடுத்த செஞ்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலை, 50 கிராம் டப்பா. பிளாக் டீக்குச் செய்வது போலவே கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் மூடி வைத்தேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் துவர்ப்பு. மூன்று முறை அதே மாதிரி போட்டுப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று டப்பாவை அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிட்டேன். ஒரு வருடம் கழித்து, 70 டிகிரி தண்ணீரில் 1 நிமிடம் போதும் என்று தெரிந்து மறுபடி எடுத்தபோது மணம் பாதிக்கு மேல் போயிருந்தது. அப்படியும் பச்சைப் பட்டாணியைக் கடித்த மாதிரி ஓர் இனிப்பு நாக்கில் தங்கியது. அந்த 50 கிராமை நினைத்தால் இன்றும் மனது கேட்பதில்லை.

அன்று ஒரு நோட்டு போட்டேன். எந்த இலை, எத்தனை கிராம், எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம், குடித்தால் எப்படி இருந்தது. பதினோரு வருடமாக எழுதிவருகிறேன். கீழே சொல்லும் நேரங்களெல்லாம் அதில் திரும்பத் திரும்பச் சரியாக வந்தவை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. தேநீர் திடமாக வேண்டுமென்றால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். இலையில் இருப்பதெல்லாம் ஒரே வேகத்தில் தண்ணீரில் இறங்குவதில்லை. மணம் சட்டென்று வந்துவிடும். இனிப்பும் ஒருவிதச் சாறுச் சுவையும் தருகிற தியானைன் என்ற அமினோ அமிலமும் (1949இல் ஜப்பானில் பச்சைத் தேயிலையில் கண்டறிந்தார்கள்), காஃபினும் அதிகம் மெனக்கெடாமலே இறங்கும். துவர்ப்புக்குக் காரணமான கேட்டச்சின் வகைகளுக்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். ஆகவே 2 நிமிடத் தேநீரை 5 நிமிடத்துக்கு இழுத்தால் அதே சுவை இரண்டரை மடங்காகாது. நல்லதெல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது, அதற்கு மேல் வருவதில் துவர்ப்பின் பங்கு ஏறிக்கொண்டே போகும்.

இதை நம்பச் சொல்லவில்லை, ஒரு நாள் செய்து பாருங்கள். இலையாக இருக்கும் பிளாக் டீ 5 கிராம், கொதிநீர் 300 மி.லி. ஆறு சின்னக் கிண்ணங்களை வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிமிடமும் இரண்டு மேஜைக்கரண்டி எடுத்து அடுத்தடுத்த கிண்ணத்தில் விடுங்கள். ஆறாவது கிண்ணம் நிறைந்ததும், எல்லாம் ஒரே பதத்துக்கு ஆறும்வரை பொறுத்திருங்கள். ஒன்று சூடாகவும் ஒன்று ஆறியும் இருந்தால் ஒப்பிட முடியாது. நான் முதன்முதலில் அசாம் இலையில் செய்தபோது எழுதியதை அப்படியே தருகிறேன். ஒன்று: நிறம் வந்துவிட்டது, வாசனை இருக்கிறது, வாயில் வெந்நீர்தான். இரண்டு: இனிப்பு, மெலிவு. மூன்று: நாக்கின் நடுவில் கனமாக உட்கார்கிறது. நான்கு: அதே கனம், ஈறு ஓரத்தில் லேசாகப் பிடிக்கிறது. ஐந்து: பிடிப்பு தூக்கல். ஆறு: வாசனை எங்கே போனது? நான் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கோடு போட்டேன். என் தங்கை அதே கிண்ணங்களைச் சுவைத்துவிட்டு நான்கைத்தான் எடுத்தாள். அவள் பால் சேர்ப்பவள், அவள் சொன்னதும் சரி. பாலிலுள்ள கேசின் என்ற புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே பாலுக்குப் போகிற தேநீர் ஒரு நிமிடம் கூடுதலாக ஊறலாம். ஆனால் இலை உள்ளே இருக்கும்போதே ஆறிய பாலை ஊற்றிவிடாதீர்கள், தண்ணீரின் சூடு இறங்கிச் சாறு வருவது மந்தமாகிவிடும்.

தேயிலையைத் தொழிலாகச் சுவைப்பவர்களுக்கென்று ஒரு சர்வதேச அளவுகோலே இருக்கிறது. ஐஎஸ்ஓ 3103, 1980இல் வந்தது. 100 மி.லி.க்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். இதைப் பார்த்துவிட்டு அதுதான் சரியான நேரம் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது இரண்டு இலைகளை ஒரே நிலையில் வைத்து ஒப்பிடுவதற்கான முறை. இலையில் குறை இருந்தால் அங்கே ஒளிய முடியாது. உட்கார்ந்து குடிப்பதற்கு அவ்வளவு தேவையில்லை.

நேரத்துக்கு முன்னால் அளவு

கரண்டிக் கணக்கு ஏமாற்றும். மணி மணியான சிடிசி தூள் ஒரு தேக்கரண்டி இரண்டரை கிராம் இருக்கும். பஞ்சு போலப் பொங்கிக் கிடக்கும் வெள்ளைத் தேயிலை அதே கரண்டியில் 1 கிராம்கூடத் தேறாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். 200 மி.லி. கோப்பைக்கு இரண்டரை கிராம் என்று தொடங்குங்கள். நான் வேறு அளவு சொல்லாத இடத்தில் எல்லாம் இதுதான்.

சூடு அடுத்தது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஆற்றுங்கள். நன்றாகக் கொதித்த தண்ணீரை ஒரு குளிர்ந்த பாத்திரத்தில் ஊற்றினால் கிட்டத்தட்ட 10 டிகிரி இறங்கும். அதை இன்னொன்றில் ஊற்றினால் 80 பக்கம் வரும், மறுபடி ஊற்றினால் 70. மூன்று கோப்பை இருந்தால் போதும், கருவி வேண்டாம். பிளாக் டீக்கு இதற்கு நேர்மாறு. தடித்த பீங்கான் பாத்திரம் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே முதலில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு அப்புறம் இலையைப் போடுங்கள், மூடியும் வையுங்கள். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உயரம் 300 மீட்டர் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய 1 டிகிரி குறையும். 2000 மீட்டரில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பிளாக் டீக்கு அரை நிமிடம் கூடக் கொடுங்கள்.

பிளாக் டீ

இலையின் அளவைப் பாருங்கள். இலை உடைய உடையத் தண்ணீர் தொடும் பரப்பு கூடும், நேரம் குறையும். சிடிசி என்பது நசுக்கி, கிழித்து, சுருட்டுகிற இயந்திர முறை, 1930களில் அசாமில் வந்தது. அந்த மணிக்குள் முழுதாக எதுவும் மிச்சமில்லை, 2 நிமிடத்தில் சாயம் இறங்கிவிடும். பால் இல்லாமல் 2, பாலோடு 3, மிஞ்சினால் 4. டீ பேக்கில் இருப்பது இதைவிடப் பொடி. 2 நிமிடம் போதும். எடுக்கும்போது பையைக் கரண்டியால் நசுக்கிப் பிழியாதீர்கள், சொட்ட விட்டு எடுங்கள். பிழிந்தால் வருவது உள்ளே தேங்கியிருந்த கடும் துவர்ப்பு.

முழு இலைக்கு 3இலிருந்து 4 நிமிடம். அசாம் 4ஐத் தாங்கும். நீலகிரிக்கும் இலங்கைத் தேயிலைக்கும் நான் மூன்றரையில் நிறுத்துவேன். சீனத்துக் கீமுனுக்கு 3.

டார்ஜீலிங்கின் வசந்தகாலப் பறிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிளாக் டீ என்று பெயர், இலையைப் பார்த்தால் பாதி பச்சையாக இருக்கும், தேநீர் வெளிர் பொன்னிறம். அதற்குக் கொதிநீர் ஊற்றினால் பூ மணம் அடிபட்டுப்போகும். 90 டிகிரி, இரண்டரை நிமிடம். நிறம் வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் விடத் தோன்றும். விடாதீர்கள், அதன் நிறமே அவ்வளவுதான். கோடையில் பறிக்கும் அடுத்த பறிப்பு கொஞ்சம் கெட்டி, கொதிநீரில் மூன்றரை வரை போகலாம்.

பச்சைத் தேயிலை

ஜப்பானில் பறித்த இலையை ஆவியில் காட்டுவார்கள், சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுப்பார்கள். இரண்டுமே இலை கறுக்காமல் நிறுத்தத்தான். ஆனால் ஆவி காட்டிய இலை மென்மையாகி நொறுங்கும், சாறு மிக விரைவாக இறங்கும். செஞ்சாவுக்கு 70 டிகிரி, 1 நிமிடம். முழுவதும் வடித்துவிட்டு இரண்டாம் முறை 75இலிருந்து 80, வெறும் 15 விநாடி, ஏனென்றால் இலை ஏற்கெனவே விரிந்து நிற்கிறது. கியோகுரோ பறிப்பதற்கு முன் மூன்று வாரம் போல நிழல் போட்டு வளர்ப்பது. வெயில் படாததால் தியானைன் குறையாமல் தங்கியிருக்கும். அதற்கு 5 கிராம் இலை, 60 மி.லி. தண்ணீர், 55 டிகிரி, 2 நிமிடம். வருவது நாலு மடக்குதான். அதைத் தண்ணீர் போலக் குடிக்காமல் நாக்கில் நிறுத்திக் குடிக்க வேண்டும்.

வறுத்த சீன வகைகள் இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. லோங்ஜிங் 80 டிகிரியில் 2 நிமிடம். மல்லிகை மணமேற்றியதும் உருண்டையாகச் சுருட்டியதும் அதே சூட்டில் இரண்டரை. ஹோஜிச்சா ஜப்பானியதுதான், ஆனால் நன்றாக வறுத்தது. கொதிநீரே ஊற்றலாம், 30 விநாடி. மாட்சா இந்தப் பேச்சிலேயே வராது, பொடியை அப்படியே கலக்கிக் குடிக்கிறோம், வெளியே எடுக்க ஒன்றுமில்லை.

வெள்ளைத் தேயிலை

மென்மையானது என்று கேள்விப்பட்டு எல்லோரும் 1 நிமிடத்தில் எடுத்துவிட்டு, சுவையே இல்லை என்கிறார்கள். இதை உருட்டுவதோ நசுக்குவதோ கிடையாது. வாட விட்டு உலர்த்துகிறார்கள், அவ்வளவுதான். மொட்டு முழுசாக, மேலே வெள்ளை ரோமத்தோடு இருக்கும். தண்ணீர் உள்ளே புகவே நேரம் பிடிக்கும். 85 டிகிரியில் 5 நிமிடம் தாராளமாகக் கொடுங்கள். இலையைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கண்ணளவில் எப்போதும் குறைந்துபோகும்.

ஊலாங்

என் நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது இது. பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் நிற்கும் வகை, அதனால் ஒரே எண் சொல்ல முடியாது. தியேகுவான்யின் போல உருட்டிய ஊலாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் கரும்பச்சை உருண்டை, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. 95 டிகிரி தண்ணீர் பட்டதும் முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒரு ஓரம் அவிழும். 2 நிமிடத்தில் சில உருண்டைகள் பாதி திறந்திருக்கும், சில அப்படியே கிடக்கும். முழுதாக விரிந்ததும் ஒன்றை எடுத்துத் தட்டில் பரப்பிப் பாருங்கள். காம்போடு இரண்டு மூன்று இலை ஒன்றாக வரும். பழைய முறையில் செய்ததாக இருந்தால் ஓரம் மட்டும் செம்பழுப்பாக, நடுவில் பச்சையாக இருக்கும். பறித்த இலையைக் குலுக்கும்போது ஓரங்கள் அடிபட்டு, காற்றுப் பட்டுச் சிவந்த தடம் அது.

பெரிய பாத்திரத்தில் ஒரே முறை போடுவதென்றால் 95 டிகிரியில் 3 நிமிடம். வுயி மலையில் விளைகிற, திரித்த கறுப்பு இலை வகைகளுக்குக் கொதிநீர், இரண்டரை. ஆனால் ஊலாங்கை இப்படி ஒரே மூச்சில் முடிப்பது எனக்கு மனசாகவில்லை. 100 மி.லி. பிடிக்கும் சின்னப் பாத்திரம், 5 கிராம் இலை. முதல் தண்ணீர் 25 விநாடி, உருண்டை திறக்கத்தான். இரண்டாவது 15. மூன்றாவது 20. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து விநாடி கூட்டிக்கொண்டே போங்கள். ஆறு, ஏழு முறை வரும். முதல் இரண்டில் பூ வாசம், நடுவில் கனம், கடைசியில் லேசான இனிப்பு மட்டும் மிஞ்சும். ஒரே இலை எப்படியெல்லாம் மாறுகிறது என்று அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த முறையில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு தடவையும் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். அடியில் ஒரு கரண்டி தண்ணீர் தங்கினாலும் நீங்கள் குடிக்கும் நேரமெல்லாம் அது ஊறிக்கொண்டே இருக்கும், அடுத்த கோப்பையைக் கெடுக்கும். எல்லா வகைக்கும் இது பொருந்தும். சங்கிலியில் தொங்கும் உருண்டை வடிகட்டி ஊலாங்குக்கு ஆகாது, விரிய இடமில்லாமல் இலை திணறும். கோப்பையின் வாயளவு அகலமான கூடை வடிகட்டி வாங்குங்கள்.

பூ-அர்

சீனாவின் யுன்னானில் செய்வது, நுண்ணுயிர்கள் வேலை செய்து முதிரும் தேயிலை. அழுத்திய கட்டியாக வந்தால் கத்தி நுனியால் பெயர்த்து, கொதிநீர் ஊற்றி 10 விநாடியில் அந்த முதல் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். தூசி போகும், கட்டியும் இளகும். கறுப்பாக முதிர்ந்த வகை தவறை மன்னிக்கும், 3 நிமிடம், 4 ஆனாலும் பாதகமில்லை. வயது குறைந்த பச்சை வகை மன்னிக்காது. சின்னப் பாத்திரம், 10 விநாடி, உடனே வடியுங்கள்.

கழுவுவது பற்றிப் பேசும்போது இன்னொன்று. முதல் 30 விநாடித் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காஃபின் போய்விடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். போகாது. பெரும்பகுதி இலையில்தான் இருக்கும், போவது நல்ல மணம். காஃபின் ஆகாதவர்கள், தூக்கம் கெடுபவர்கள் அதை நம்பி இரவில் குடிக்க வேண்டாம்.

தேயிலை இல்லாத தேநீர்கள்

இவற்றில் கவலை குறைவு. கெமோமில், புதினா 5இலிருந்து 7 நிமிடம், கொதிநீர், கட்டாயம் மூடி. மூடாவிட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும், அறைதான் மணக்கும். உலர்ந்த புளிச்சைப் பூ 5 நிமிடம், விட விடப் புளிக்கும். சங்குப்பூ 5 நிமிடம், நீலம் முழுசாக இறங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் ரூய்போஸ் 7 நிமிடம், மறந்து அரைமணி நேரம் விட்டாலும் கசக்காது. இஞ்சி, பட்டை, வேர் போன்றவை ஊறினால் போதாது, சின்னத் தீயில் 10 நிமிடம் கொதிக்க வேண்டும்.

குளிர்ந்த தண்ணீரில்

1 லிட்டருக்கு 10 கிராம், மூடி போட்டு ஃபிரிட்ஜில். கிரீன் டீ 5 மணி நேரம், பிளாக், ஊலாங் 8. குளிர்ந்த நீரில் துவர்ப்பு அதிகம் இறங்காது, அதனால் சூடாகப் போட்டுக் கடுத்துப்போகிற இலைக்குக்கூட இதில் மறுவாழ்வு உண்டு. சூடான திடமான தேநீரை ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கும். காஃபினும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து திரள்வதால் வருவது அது, கெட்டுப்போனதில்லை. கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளியும்.

சரி, எல்லாம் பார்த்துச் செய்தும் கோப்பை சரியாக வரவில்லை என்றால்? கசந்தால் முதலில் சூட்டைக் குறையுங்கள், நேரத்தை அப்புறம் தொடுங்கள். கசக்கவில்லை, நீர்த்திருக்கிறது என்றால் அரை கிராம் இலை கூட்டுங்கள். கசப்பும் நீர்ப்பும் சேர்ந்தே வந்தால், குறைந்த இலையை அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள், அல்லது இலை பழையது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. கடிகாரத்தை ஓடவிடுவது தண்ணீர் இலையில் பட்ட அந்தக் கணத்தில், ஊற்றி முடித்து மூடி தேடிய பிறகு இல்லை. 1 நிமிடச் செஞ்சாவில் அந்த 15 விநாடி பெரிய வித்தியாசம்.

போன வாரம் அதே தோழி மறுபடி ஒரு செஞ்சா டப்பா கொடுத்தாள். நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: 4 கிராம், 180 மி.லி., மூன்று முறை ஆற்றிய தண்ணீர், 60 விநாடி, பட்டாணி இனிப்பு, துவர்ப்பு இல்லை. இரண்டாம் தண்ணீர் 15 விநாடி, இன்னும் பச்சை, இன்னும் கனம். மூன்றாவது 45, மெலிவு, ஆனாலும் குடித்தேன்.